ஒழுகுகிற டிஃபரன்ஷலும் ராமசாமி முதலாளியும்

பிக்கப் வண்டியின் பின் டிஃபரன்ஷல் வேலை என்பது யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில் செய்கிற வேலை. அதனால் அதைச் செய்கிறவர்களை யாரும் நம்புவதில்லை.

இப்போதுகூட என் மடியில் ஒரு டிஃபரன்ஷல் மூடி கிடக்கிறது. எண்ணெய் கசியாமல் இருக்க ஒட்டிய பழைய பெக்கிங் பேப்பர் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. உடைந்த பிளேடால் சுரண்டுகிறேன், மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்கிறேன், திரும்பவும் சுரண்டுகிறேன். நடுநடுவே கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு வரி எழுதுகிறேன். தாளில் கறுப்பாக விரல் பதிந்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். பாப்பா பழைய லொறி டயருக்குள் உட்கார்ந்து டயரையே கடித்துக்கொண்டிருக்கிறாள்.

டிஃபரன்ஷலைப் பார்த்திராதவர்கள் ஒரு பிக்கப்புக்குப் பின்னால் போய்க் குனிந்து பாருங்கள். இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் இரும்புப் பூசணிக்காய் மாதிரி ஒன்று தொங்கும். அதற்குள்ளே பல்சக்கரங்கள் கெட்டி எண்ணெயில் ஊறிக் கிடக்கும். எஞ்சினின் சுற்றை வாங்கி இரண்டு பக்கமும் பிரித்துக் கொடுப்பதும், வளைவில் ஒரு சக்கரத்தை விரட்டி மற்றதை மெதுவாக விடுவதும் அதன் வேலை. கண்டியைச் சுற்றி வளைவில்லாத ரோடு எங்கே இருக்கிறது? அதனால் எங்களுக்கு வேலைக்குக் குறைவில்லை. மஹய்யாவையில் ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகை. முன்பாதி கராஜ், பின்பாதி நாங்கள். எங்க வீட்டுக்காரர்தான் பாஸ், இங்கே மெக்கானிக்கை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கழுவுவது, சுரண்டுவது, எண்ணெய் மட்டம் பார்ப்பது என் பங்கு. கொட்டகை எங்களுடையது இல்லை. அது எங்கள் கையை விட்டுப் போகப் பார்த்த கதைதான் இது. பழைய வண்டி வைத்திருக்கிற அண்ணன்மாரே, அந்த வண்டிக்குக் கீழே படுக்கிறவர்களுக்குச் சோறாக்கிப் போடுகிற அக்காமாரே, உங்களுக்குச் சொன்னால் புரியும்.

மாஸ்டரின் மோதிரம்

டிஃபரன்ஷலில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கப் பக்கத்திலுள்ள மூடியைக் கழற்றி விரலை விட வேண்டும். துவாரத்தின் விளிம்பிலேயே எண்ணெய் விரலில் பட்டால் சரி. பட நேரமானால் குறைவு. என் விரல் மெலிசு என்பதால் அந்த வேலை எனக்கு வந்தது. யாழ்ப்பாணத்து மாஸ்டர் ஒருவர், கோழித் தீனி ஏற்ற ஒரு பழைய பிக்கப் வைத்திருந்தார். நான் விரலை விட்டுப் பார்த்து, "எண்ணெய் சரியா இருக்குங்க சேர்" என்றேன். அவர் என் விரலைப் பார்த்தார், துவாரத்தைப் பார்த்தார். "பிள்ளை, நீர் பாத்தது சரி. வண்டி என்ரதெல்லோ, நான் பாக்க வேண்டாமோ?" என்று குந்தினார். விரலை விட்டார். எண்ணெய் சரியாகத்தான் இருந்தது. விரலை எடுத்தபோது மோதிரம்தான் இல்லை.

எண்ணெயை வடித்து, பழைய சேலைத்துணியில் நான் அரித்தேன். மோதிரம் வரவில்லை. கடைசியில் சக்கரம் இரண்டையும் கழற்றி, அச்சை இழுத்து, பூசணிக்காயையே இறக்க வேண்டியதாகிவிட்டது. அவ்வளவு நேரமும் மாஸ்டர் கதிரையை என் முன்னால் போட்டுக்கொண்டு என் இரண்டு கையையும் பார்த்தபடி இருந்தார். மூக்கில் ஏதோ ஊர்ந்தது. சொறிந்துகொள்ளக்கூட எனக்குப் பயம், கையை எங்கே கொண்டுபோகிறாள் என்று நினைப்பாரோ என்று. அடியில் தேங்கிய சகதியிலிருந்து மோதிரம் கிடைத்தது. மண்ணெண்ணெயில் கழுவிக் கொடுத்தேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மாஸ்டர் சொன்னார்: "மோதிரம் என்ரதுதான் பிள்ளை. ஆனா முந்தி இப்பிடி மினுங்கேல்லையே, ஏன்?"

கைக்குட்டையில் கட்டிய சீல்

கொட்டகைச் சொந்தக்காரர் ராமசாமி முதலாளி. டவுன் மாக்கட்டில் மரக்கறி மொத்த வியாபாரம். நாவலப்பிட்டிப் பக்கத்திலிருந்து மரக்கறி கொண்டுவரவும், கடுகண்ணாவை இறக்கத்தால் கீழ்நாட்டுக்கு அனுப்பவும் போன வருசம் ஒரு பிக்கப் வாங்கியிருந்தார். வாங்கிச் சில மாசத்தில் பின்சக்கரம் இரண்டின் உட்பக்கமும் எண்ணெய் ஒழுக ஆரம்பித்தது. டிஃபரன்ஷல் எண்ணெய் அச்சு வழியாக வெளியே வராமல் தடுக்க இரண்டு முனையிலும் ரப்பர் வளையம் இருக்கும். அதைத்தான் சீல் என்பது. சீல் விட்டுப் போனால் எண்ணெய் பிரேக்குக்குள் போகும். பிரேக்கில் எண்ணெய் பட்டால் வழுக்கும். கடுகண்ணாவை இறக்கத்தில் வழுக்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்க வீட்டுக்காரர் இரண்டு பக்கமும் புது சீல் போட்டார். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புதுச் சாமான் போட்டால் பழையதை வண்டிக்காரர் கையில் கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பழையதையே கழுவித் திரும்பவும் போட்டுவிட்டான் என்பார்கள். முதலாளி பழைய சீல் இரண்டையும் கைக்குட்டையில் முடிந்து கொண்டுபோனார். கொஞ்ச நாளில் வண்டி திரும்பி வந்தது, சக்கரமெல்லாம் எண்ணெய். முதலாளி கைக்குட்டையும் கையுமாக வந்தார். கழற்றிய சீலைப் பழைய சீலுக்குப் பக்கத்தில் வைத்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். "அண்ணன் தம்பி மாதிரியில்ல இருக்கு?" என்றார். எல்லா சீலும் அப்படித்தான் இருக்கும் முதலாளி என்று எங்க வீட்டுக்காரர் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. நான் பின்பக்கத் திரைக்கு அந்தாண்டை நின்றுகொண்டிருந்தேன். அங்கேயே எனக்குக் கேட்டது: "தைப்பொங்கல் வரைக்கும் பாப்பேன்ப்பா. அதுக்குள்ள ஒழுக்கு நிக்கல்லைன்னா கொட்டகைச் சாவியை என் கையில குடுத்துட்டு நீங்க போய்க்கிட்டே இருக்கலாம்."

நானா கடையில்

அன்று எங்க வீட்டுக்காரர் சாப்பிடவில்லை. "சீல் கடையிலதான் கோளாறு. போலிச் சாமான் தள்ளிவிட்டுட்டாங்க" என்றார். அவர் போனால் சண்டை வரும் என்று என்னை அனுப்பினார். என்னை அனுப்பினால் பேச்சே வராது என்பதை அவர் யோசிக்கவில்லை. பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, சீலைப் பத்திரிகைத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனேன். முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்போம். சீல் வாங்கிய ஃபாரூக் நானாவின் கடை நிறைய ஆம்பிளைகள். அவர்கள் எல்லாரும் போகும்வரை ஓரமாக நின்றேன். நானாவே கூப்பிட்டு, "என்ன புள்ள, சாமான் வாங்க வந்தயா, பாஸ் அனுப்பினாரா?" என்றார்.

பொட்டலத்தை மேசைமேல் வைத்தேன். "ஒழுகுது நானா" என்ற இரண்டு வார்த்தைதான் வந்தது. நானா சீலை எடுத்து விளிம்பைத் தடவினார், உள்ளே இருக்கும் சுருள்கம்பியை நகத்தால் சுண்டினார், வளைத்தார், விட்டார். "இதுல ஒரு கொறையும் இல்ல. ஒரிஜினல் சாமான். போடக்குள்ள சுத்தியலால அடிச்சாரா?" என்று கேட்டார். இல்லை, மரக்கட்டை வைத்துத்தான் தட்டினார் என்று சொல்ல வாயெடுத்தேன். பாப்பா மேசையில் இருந்த பேனையைப் பிடித்து இழுத்தாள். அதைப் பிடுங்குவதற்குள் அவர் வேறு இரண்டு சீலை எடுத்துச் சுற்றி என் கையில் வைத்துவிட்டார். வைத்துக்கொண்டே சொன்னார்: "நான் சாமான் விக்கிற ஆள் புள்ள. ஒங்கட மாப்புள்ளட கைக்கு நான் பொறுப்புச் சொல்ல ஏலா."

விளக்குப் பிடித்தேன்

அந்த வார்த்தை வீடு வரும்வரை என் கூடவே வந்தது. எங்க வீட்டுக்காரரிடம் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது, அதற்குள் பழைய சீல், பழைய பெயாரிங் எல்லாம் சேர்த்து வைத்திருப்பார். எதற்கு என்று கேட்டால் எதற்காவது உதவும் என்பார். எதற்கு உதவியதோ என்று எனக்கு அன்றைக்குத் தோன்றிவிட்டது. கட்டின புருசனைச் சந்தேகப்படலாமா என்று கேட்காதீர்கள். கொட்டகை போனால் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு எங்கே போய் நிற்பேன் என்பதுதான் என் தலைக்குள் ஓடியது. அடுத்த சீல் போடும்போது, வெயில் வெளிச்சம் தாராளமாக இருக்க, நான் விளக்கைக் கொண்டுபோய்ப் பிடித்தேன். புதுச் சீல்தான் போட்டார். விளிம்பில் எண்ணெய் தடவி, மரக்கட்டை வைத்து, சுற்றிச் சுற்றிப் பூப்போலத் தட்டினார். தட்டி முடித்து, வண்டிக்குக் கீழே படுத்தபடியே என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஏன்டி, முதலாளி உன்னையும் காவலுக்குப் போட்டுட்டாரா?"

கண்ணாடி பிடித்த ஆமிக்காரர்

மூன்றாம் தடவையும் எண்ணெய் கசியத் தொடங்கியதும் எங்க வீட்டுக்காரர் ஒரு யோசனை செய்தார். அச்சின் இரண்டு முனையிலும் வெள்ளைத் துணியை இறுக்கிக் கட்டி ஓட்டிப் பார்த்தால் எந்தப் பக்கம் முதலில் நனைகிறது என்று தெரியும் என்றார். கடுகண்ணாவையில் என் அக்கா வீடு இருப்பதால் நானும் பாப்பாவோடு ஏறிக்கொண்டேன். மெதுவாகப் போனோம். வழியில் செக்பொயின்ட். சண்டைக் காலம், தமிழ் ஆட்கள் வண்டி என்றால் சும்மா விடமாட்டார்கள். அடையாள அட்டையைக் காட்டினோம். ஒரு ஆமிக்காரர் நீளக் கம்பியில் கட்டிய கண்ணாடியை வண்டிக்கு அடியில் விட்டுப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றார். துவக்கு வைத்திருந்த மற்ற இருவரையும் கூப்பிட்டார். அடியில் என்ன கட்டியிருக்கிறது என்று சிங்களத்தில் கேட்டார்.

எங்க வீட்டுக்காரர் சிங்களம் நன்றாகப் பேசுவார். அன்றைக்கு ஒரு சொல்லும் வரவில்லை. "தெல்... தெல்..." என்று எண்ணெய்க்கு உள்ள சிங்களச் சொல்லை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.  பாப்பாவை இறுக்கிப் பிடித்ததில் அவள் அழத் தொடங்கினாள். ஆமிக்காரர் படுத்து, கையை நீட்டி, துணியை மெல்ல மெல்ல அவிழ்த்தார். வெளியே எடுத்து மோந்து பார்த்தார். இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். முகத்தில் இருந்த இறுக்கம் போய்விட்டது. தன் அப்பாவும் கராஜ் வைத்திருந்தவர் என்று பிறகு சொன்னார். துணியை எங்க வீட்டுக்காரர் கையில் கொடுத்து, தோளில் தட்டி, சீல் போய்விட்டது தம்பி, நல்ல பாஸ் ஒருவரிடம் காட்டு என்று சிங்களத்தில் புத்தி சொல்லி அனுப்பினார். அந்தச் சொல் இப்போதும் எங்கள் வீட்டில் ஓடுகிறது: "சீல் எக்க கிஹில்லா மல்லி, ஹொந்த பாஸ் கெனெக்குட்ட பென்னன்ன."

சிவப்புக் கட்டி

பொங்கலுக்கு முந்தின வாரம் முதலாளி வண்டியை அனுப்பினார், இதுதான் கடைசித் தடவை என்று சொல்லி. டிரைவர் சுனில் அய்யா கொண்டுவந்து நிறுத்திவிட்டு வெற்றிலை வாங்கப் போனார். சிங்களத்தில் அண்ணனை அய்யா என்பார்கள், நாங்களும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம், அவர் என்னை நங்கி, அதாவது தங்கச்சி, என்பார். வண்டி மலை ஏறி வந்த சூடு ஆறவில்லை. எங்க வீட்டுக்காரர் மூலையில் உட்கார்ந்திருந்தார். ஏற்கெனவே சாமான்களைச் சாக்கில் போடத் தொடங்கியிருந்தார். எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. ஒப்படைக்கிற வண்டியைச் சுத்தமாகவாவது கொடுப்போம் என்று துணியும் மண்ணெண்ணெயுமாகப் பின்னால் போய்க் குந்தினேன். எப்போதும் கீழ்ப்பக்கத்தைத்தான் கழுவுவோம். மேல்பக்கம் வண்டித் தட்டுக்கு ஒட்டினாற்போல் இருப்பதால் கண் போகாது, கைதான் போகும். அன்றைக்கு மேலேயும் கையை விட்டுத் தேய்த்தேன்.

பூசணிக்காய்க்குப் பக்கத்தில், அச்சின் முதுகில், ஒரு சின்னக் குமிழ் உண்டு. ஓடும்போது உள்ளே எண்ணெய் சூடாகி, காற்றுப் பெருத்து, அந்தக் குமிழின் மூடிக்குக் கீழே உள்ள இடுக்கு வழியாகத்தான் வெளியேறும். மற்ற வண்டிகளில் விரலால் தொட்டால் அந்த மூடி லொடலொட என்று ஆடும். இது ஆடவில்லை. கல் மாதிரி இருந்தது. கொண்டை ஊசியால் கீறினேன். ஊசி முனையில் சிவப்புத் தூள் வந்தது. சேறு சிவப்பாக இருக்குமா என்று எங்க வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். அவர் வந்து ஸ்பெனரைப் போட்டு அந்தக் குமிழைத் திருகினார். உள்ளேயிருந்து புஸ் என்று ஒரு மூச்சு வந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. நானா தந்த சீலிலும் குறையில்லை, எங்க வீட்டுக்காரர் கையிலும் குறையில்லை. போக வழியில்லாத காற்று சீலைத் தள்ளிக்கொண்டு எண்ணெயோடு வெளியே வந்திருக்கிறது. கொஞ்ச நேரம்தான் அந்தச் சந்தோசம். எங்க வீட்டுக்காரர் குமிழை உற்றுப் பார்த்தார். முகம் கறுத்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கராஜைப் பார்த்தபடி சொன்னார்: "இது தானா அடைஞ்சது இல்லடி. யாரோ வேணும்னே செஞ்சிருக்கான்."

சுனில் அய்யா சொன்னது

எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் என் சந்தேகம் எதிர்க் கராஜ்மேல் இல்லை, சுனில் அய்யாமேல். வண்டி இரவும் பகலும் அவர் கையில்தானே இருக்கிறது. வெற்றிலையை மென்றுகொண்டு அவர் வந்தார். எங்க வீட்டுக்காரர் குமிழை அவர் மூக்குக்கு முன்னால் நீட்டி, "யார் அய்யா இதை அடைச்சது?" என்று கேட்டார். சுனில் அய்யா குமிழைப் பார்த்தார். அதிர்ச்சிப்பட்ட மாதிரித் தெரியவில்லை. போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். நேரம் எடுத்துக்கொண்டார். தெரிந்த ஆள் செய்கிற காரியம் அதெல்லாம். "மோந்து பாருங்க" என்றார்.

மோந்து பார்த்தேன். கியர் எண்ணெய் நாற்றத்துக்கு அடியில் மெல்லிசாகச் சந்தன வாசம். சுனில் அய்யா சொல்லச் சொல்லத்தான் விசயம் விளங்கியது. வண்டி வாங்கிய நாளிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் முதலாளி பூசை வைப்பாராம். முன்கண்ணாடிக்கு ஒரு பொட்டு, எஞ்சினுக்கு ஒன்று, நான்கு சக்கரத்துக்கும் ஒவ்வொன்று. கடைசியாகப் பின்னால் குந்தி, பாரம் தாங்குகிற இடம் என்று அச்சுக்கு மேலே கையை விட்டு, கையில் தட்டுப்படுகிற அந்தக் குமிழுக்குச் சந்தனத்தை அப்பி, அதன் மேலே குங்குமம். கண் தெரியாத இடம். வைத்ததன் மேலேயே வைத்து, தூசி பட்டு, சூட்டில் காய்ந்து, செங்கல் ஆகிவிட்டது. "தெரிஞ்சுக்கிட்டு ஏன் அய்யா சொல்லல்ல?" என்றேன். எனக்கே தெரியாமல் சத்தம் கூடிவிட்டது. அவர் கோபப்படவில்லை. "நான் வாய் தொறந்தா, 'சுனில் நம்ம சாமிக்கு எதிரி'ன்னு முதலாளி சொல்லும் தானே, நங்கி?"

மூக்கு

எங்க வீட்டுக்காரருக்கு ஒரே வழிதான் தோன்றியது. குமிழைக் கழுவிப் போட்டுவிட்டு, இந்தத் தடவை போட்ட சீல் விசேசமான சீல் என்று சொல்லிவிடலாம் என்றார். "வெள்ளிக்கிழமை மறுபடி வைப்பாரே" என்றேன். "அப்ப நீ சொல்லு" என்றார். கோபத்தில்தான் சொன்னார். நான் முதலாளியிடம் அதுவரை பேசியது "வாங்க", "உட்காருங்க" இரண்டும்தான். சாமிக்கு வைத்த பொட்டால் வண்டி கெட்டது என்று ஒரு பெரிய மனுசரிடம், அதுவும் நாம் குடியிருக்கிற இடத்துக்குச் சொந்தக்காரரிடம், எந்த வாயால் சொல்வது? சாயங்காலம் முதலாளி வந்தார். எங்க வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு அவர் முன்னால் போனார். "முதலாளி, வந்து... எண்ணெய் புது எண்ணெயா ஊத்தியிருக்கேன்" என்றார். இன்னொரு தடவை செருமினார். "நல்ல எண்ணெய்" என்றார். அத்தோடு முடிந்தது.

தேத்தண்ணீர்க் கோப்பையைக் கொடுத்துவிட்டு நான் திரைக்குப் பின்னால் போகவில்லை. முதலாளி முகத்தைப் பார்த்தால் பேச்சு வராது என்று தெரியும். அதனால் டிஃபரன்ஷலைப் பார்த்துக்கொண்டே பேசினேன். "முதலாளி, இதுக்கு முதுகுல ஒரு மூக்கு இருக்குங்க. ஓடும்போது சூட்டுல மூச்சு விடும். மூக்கை அடைச்சா அந்த மூச்சு சீலைத் தள்ளிக்கிட்டு எண்ணெயோட வெளியே வருதுங்க. சீல் நல்லதுதான். இவரும் ஒழுங்காத்தான் போட்டாரு. மூக்குதான் அடைஞ்சிருந்திச்சு." கையில் வைத்திருந்த சிவப்புக் கட்டியை அவர் உள்ளங்கையில் போட்டேன். உதிர்ந்து அவர் வேட்டியிலும் கொஞ்சம் விழுந்தது.

முதலாளி அதை மோந்து பார்த்தார். அவர் வீட்டில் அரைக்கிற சந்தனம், அவருக்குத் தெரியாதா? கோப்பையைக் கீழே வைத்தார். சுனில் அய்யாவைப் பார்த்தார். அவர் ரோட்டைப் பார்த்தார். எங்க வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் தன் காலைப் பார்த்தார்.  முதலாளி எழுந்து போய்க் குந்தி, அச்சுக்கு மேலே கையை விட்டு, நாங்கள் திரும்பப் பூட்டியிருந்த குமிழைத் தடவினார். லொடலொட என்று ஆடியது. விட்டுவிட்டு மறுபடியும் ஆட்டினார். எழும்பி, கையைத் துடைத்துக்கொண்டு, எங்கள் மூன்று பேரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பொட்டு வெச்சது நான்தான், இல்லேங்கல்ல. ஆனா வெக்கக்கூடாத இடம்னு தெரிஞ்ச ஆளு ஒருத்தரும் எங்கிட்ட வாயே தொறக்கல்லையே, அதுதான் எனக்கு இடிக்குது."

பொங்கலன்று

அந்த வாரம் முழுக்க வண்டி பாரத்தோடு கடுகண்ணாவையில் இறங்கி ஏறியது. யாரும் எங்களுக்கு ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்பவில்லை. சாக்கில் கட்டிய சாமானை அவிழ்ப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அவிழ்த்தால் அபசகுனம் என்று நானும், கட்டியபடி இருந்தால் அபசகுனம் என்று அவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தோம். பொங்கலன்று காலையில், பானை பொங்குகிற நேரத்தில், பிக்கப் வந்து நின்றது. முதலாளி புது வேட்டியோடு இறங்கினார். "சக்கரத்தைக் கழட்டு" என்றார். பொங்கலும் அதுவுமா என்று நான் நினைத்தது முகத்தில் தெரிந்திருக்கும்.

எங்க வீட்டுக்காரர் ஜெக் அடித்து இரண்டு பின்சக்கரத்தையும் கழற்றி, பிரேக் ட்ரம்மையும் எடுத்தார். முதலாளி கைக்குட்டையை எடுத்தார். உட்பக்கமெல்லாம் துடைத்தார். துணியில் தூசிதான் வந்தது, எண்ணெய் வரவில்லை. மற்றப் பக்கமும் துடைத்தார். அங்கேயும் தூசி. "வரும்போது வழியில நிறுத்தித் துடைச்சியா?" என்று சுனில் அய்யாவைக் கேட்டார். அவர் தன் தலையில் கையை வைத்துச் சத்தியம் செய்தார். பிறகு முதலாளி கைக்குட்டையை மடித்து, திரும்பவும் விரித்துப் பார்த்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்கு விளங்கவில்லை. எங்க வீட்டுக்காரருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்து இரண்டு கையாலும் நீட்டினார்.  முதலாளி சாவியைத் தொடவில்லை. கண்ணைச் சுருக்கி எங்க வீட்டுக்காரரை ஏற இறங்கப் பார்த்தார். "சாவியை ஏன்டா நீட்டுறே? எங்கிட்டச் சொல்லாம வேற எடம் பாத்து வெச்சிருக்கியா?"

அதற்குப் பிறகு அவர் வெள்ளிக்கிழமைப் பூசையை எங்கள் கொட்டகையிலேயே வைத்துக்கொண்டார். தட்டும் சந்தனமுமாக வருவார். ஒவ்வொரு இடத்தையும் எனக்குக் காட்டிக் கேட்டுத்தான் பொட்டு வைப்பார். நான் சரி என்றால் எங்க வீட்டுக்காரரிடம் போய்த் தனியாக ஒருமுறை கேட்டுக்கொள்வார். இன்றைக்கும் வெள்ளிக்கிழமைதான், வெளியே பிக்கப் வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

ஆகமொத்தம், டிஃபரன்ஷலோடு மாரடிக்கிற உங்களுக்கு நான் சொல்லக்கூடியது, எண்ணெய் எங்கே ஒழுகுகிறது என்று வண்டிக்குக் கீழே படுத்துத் தேடுவதற்கு முன்னால் வண்டிக்காரர் வெள்ளிக்கிழமையில் என்ன செய்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும், மீதிப் பாதிச் சந்தேகம் மட்டும் என்ன செய்தாலும், இதோ, "ஏம்மா, இந்தப் பக்கம் இன்னொண்ணு துருத்திக்கிட்டு இருக்கே, இது மூக்கா காதா, சீக்கிரம் வந்து பாரு, சந்தனம் காயுது!" என்று முதலாளி கூப்பிடுகிறார், நான் போகிறேன்.